சிலிக்கோனை லேசரில் வெட்டுவது எப்படி: செட்டிங்கைத் தூளிடம் கேளுங்கள்

பெயர்ப்பலகை, சீல், விளையாட்டுப் போட்டிக் கேடயம் என்று செய்துகொண்டிருக்கும் கடைக்காரருக்கு அக்ரிலிக்குக்கும் பலகைக்கும் என்ன பவர், என்ன ஸ்பீட் என்பது மனப்பாடமாக இருக்கும். அப்புறம் ஒருநாள் திருகோணமலையின் கொட்பே துறைமுகத்துப் பக்கமிருந்து ஒருவர் கிழிந்த கேஸ்கட்டையும் ஒரு சிவப்புச் சிலிக்கோன் ஷீற்றையும் கொண்டுவந்து, "தம்பி, இதே அளவுக்கு வெட்டித் தருவியளோ" என்று கேட்பார். அக்ரிலிக் செட்டிங்கைப் போட்டால் ஷீற் அறுபடாது, வெள்ளைத் தூள்தான் கிளம்பும். பவரைக் கூட்டினால் ஓரம் கருகிக் கல்லாகிவிடும். இணையத்தில் கிடைக்கிற செட்டிங் அட்டவணைகளும் ஒன்றுக்கொன்று முரணாகத்தான் இருக்கும், அதற்குக் காரணமும் உண்டு. சூடு சிலிக்கோனை ஒரே வழியில் உடைப்பதில்லை, மூன்று வழிகளில் உடைக்கிறது. எந்த வழியில் உடைகிறது என்பதை வெட்டின இடத்தில் மிஞ்சும் தூள் காட்டிக் கொடுத்துவிடும். அதைப் பார்க்கப் பழகினால் யாருடைய அட்டவணையும் தேவையில்லை.

முதலில், கையில் இருப்பது உண்மையிலேயே சிலிக்கோன்தானா என்று பாருங்கள். கடைகளில் "சிலிக்கோன் கவர்" என்று விற்கிற ஃபோன் கவர்களில் பெரும்பகுதி டீபீயூ என்ற பிளாஸ்டிக். கறுப்பு நிறக் கேஸ்கட் ஷீற் நைத்திரைல் இறப்பராக இருக்கலாம், நியோபிறீன் இறப்பராக இருக்கலாம். நியோபிறீனிலும் பீவீசியிலும் குளோரின் இருக்கிறது. அவற்றை லேசரில் வைத்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி உங்கள் நுரையீரலையும் மெசினின் தண்டவாளங்களையும் சேர்த்தே தின்னும். உப்புக்காற்றில் ஏற்கெனவே துருப்பிடித்துக்கொண்டிருக்கிற ஊரில் அது வேறு தேவையில்லை.

சோதிப்பது சுலபம். வெளியே, காற்றோட்டமான இடத்தில், அரிசியளவு துண்டைக் குறட்டில் பிடித்து லைட்டரைக் காட்டுங்கள். சிலிக்கோன் தயங்கித்தான் பற்றும், சொட்டாது, வெள்ளைப் புகை விடும், எரிந்த இடத்தில் வெள்ளையோ சாம்பல் நிறமோ ஆன பொடி மிஞ்சும். டீபீயூ உருகிச் சொட்டும். நைத்திரைலும் நியோபிறீனும் கரும்புகையோடு எரிந்து கரியை விட்டுவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு செம்புக் கம்பியைச் சிவக்கச் சூடாக்கி, அந்தத் துண்டில் ஒற்றி, திரும்பவும் சுவாலையில் பிடியுங்கள். பச்சைச் சுவாலை வந்தால் குளோரின் இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஷீற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விற்றன் வகை இறப்பரில் இருக்கும் புளோரினை இந்தக் கம்பிச் சோதனை காட்டாது. ஆகவே பச்சை வரவில்லை என்பதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்காமல், வெள்ளைச் சாம்பலையும் கண்ணால் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்களுக்கு இது லேசாகப் புரியும், படிக்காதவர்களுக்கும் பெரிய கஷ்டமில்லை. சாதாரணப் பிளாஸ்டிக்கின் முதுகெலும்பு காபனோடு காபன் கோர்த்த சங்கிலி. சிலிக்கோனில் அப்படியில்லை, சிலிக்கனும் ஒட்சிசனும் மாறி மாறி வரும், ஒவ்வொரு சிலிக்கனிலும் இரண்டு மெதைல் கூட்டங்கள் தொங்கும். காபன்–காபன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் வேண்டும், சிலிக்கன்–ஒட்சிசனுக்குச் சுமார் 450. அதனால்தான் சிலிக்கோன் இஞ்சின் சூட்டையும் தாங்குகிறது.

இவ்வளவு பலமான பிணைப்பு என்றால் 350, 400 பாகை செல்சியசில் ஏன் சிதைய வேண்டும்? பிணைப்பு முறியவே தேவையில்லை, இடம் மாறினால் போதும் என்பதுதான் பதில். இந்தச் சங்கிலி மிகவும் வளைந்து கொடுக்கக்கூடியது. சூட்டில் அது தன்மேலேயே மடிந்து, பக்கத்துப் பிணைப்போடு ஆள்மாறாட்டம் செய்துகொள்ளும். கைகோர்த்து வரிசையாக நிற்கும் பிள்ளைகளில் நடுவிலுள்ள மூன்று பேர் தங்களுக்குள் வட்டமாகக் கைகோர்த்துக்கொண்டு விலகிப்போக, இரண்டு பக்கத்திலும் நின்றவர்கள் உடனே ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வதுபோல. யாருடைய கையும் வெறுமையாக நிற்கவில்லை, ஆனால் வரிசை குட்டையாகிவிட்டது. இப்படி விலகும் வளையங்களில் மூன்று அலகு உள்ளதை டி3 என்பார்கள், நான்கு உள்ளது டி4, ஐந்து உள்ளது டி5. டி3 கொதிப்பது 134 பாகையில், டி4 175இல், டி5 சுமார் 210இல். 400 பாகையில் பிறக்கிற பொருள் 134இல் கொதிக்கும் என்றால் அது பிறந்த உடனேயே ஆவியாகப் பறந்துவிடும். முதல் வழி இதுதான், ஒட்சிசன் எட்டாத உட்பகுதியில் பெரும்பாலும் நடப்பது.

இரண்டாவது வழிக்குக் காற்று வேண்டும். ஏறக்குறைய 300 பாகையிலிருந்தே ஒட்சிசன் மெதைல் கூட்டங்களைத் தாக்கத் தொடங்கும். காபனீரொட்சைட்டு, நீராவி, கொஞ்சம் போமல்டிகைட்டு எல்லாம் வெளியேறும், சிலிக்கனும் ஒட்சிசனும் சிலிக்காவாக, வெள்ளைப் பொடியாக அங்கேயே நிற்கும். மூன்றாவது, சூடு மிக வேகமாக மிக உயரத்துக்குப் போய், ஒட்சிசனும் போதாதபோது நடப்பது. சிலிக்கன்–காபன் பிணைப்பு சுமார் 320 கிலோஜூல்தான், அது நேரடியாகவே முறியும். மெதேன் பறக்கும், மிச்சமுள்ள சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்துகொள்ளும், காபனும் உள்ளே மாட்டிக்கொள்ளும். கிடைப்பது சிலிக்கன் ஒட்சிக்காபைட்டு என்ற கருப்புக் கண்ணாடி. ஓரம் கருகிக் கல்லாகிறது என்றேனே, அது இதுதான்.

லேசர் ஒளியே பிணைப்பை வெட்டுகிறது என்று சிலர் நினைக்கிறார்கள். கடைகளில் இருக்கும் லேசர்களில் அப்படி நடக்காது. காபனீரொட்சைட்டு லேசரின் அலைநீளம் 10.6 மைக்கிரோமீற்றர், அதன் ஒரு மோல் போட்டன்களில் (ஒளித்துணிக்கைகளில்) 11 கிலோஜூல் மட்டும்தான் இருக்கிறது. 450 வேண்டிய இடத்தில் 11 என்ன செய்யும்? சங்கிலியை அதிரத்தான் வைக்கும். சிலிக்கன்–ஒட்சிசன்–சிலிக்கன் பகுதி இயல்பாகவே 9 முதல் 10 மைக்கிரோமீற்றர் வரையிலான ஒளியை விரும்பி உறிஞ்சும், 10.6 அதன் ஓரத்தில் விழுகிறது. அதனால் நிறம் எதுவானாலும், கண்ணாடிபோல் தெளிவான சிலிக்கோனானாலும், ஒளி மேற்பரப்பிலேயே சூடாகிவிடும். மலிவு விலையில் வரும் நீல டயோட் லேசர் 450 நனோமீற்றர். தெளிவான சிலிக்கோன் அதை உறிஞ்சாது, ஒளி நேரே ஊடுருவி அடியிலுள்ள பலகையைச் சுடும். நீல லேசர் மட்டும் வைத்திருப்பவர்கள் தெளிவான சிலிக்கோனை விட்டுவிடுங்கள். கறுப்பில் பதிக்கலாம், அங்கே உறிஞ்சுவது சிலிக்கோன் அல்ல, அதற்குள் கலந்திருக்கும் காபன் தூள்.

நிறத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. சிவப்புச் சிலிக்கோன் ஷீற்றில் பெரும்பாலும் இரும்பு ஒட்சைட்டு இருக்கும், அது அழகுக்கு மட்டும் போட்டதல்ல, சூட்டில் ஒட்சியேற்றத்தைத் தாமதிக்கப் போட்டது. ஆகவே வெள்ளை ஷீற்றுக்குச் சரிவந்த செட்டிங் சிவப்புக்குப் போதாமல் போகலாம். இன்னொன்று, சந்தையில் கிடைக்கிற எந்தச் சிலிக்கோன் ஷீற்றிலும் பலத்துக்காக நுண் சிலிக்காத் தூள் முதலிலேயே கலந்திருக்கும். சிலிக்கோன் சங்கிலி முழுக்க ஆவியாகிப் போனாலும் அந்தத் தூள் மிஞ்சும். தூளே இல்லாத வெட்டு என்று ஒன்று கிடையாது, அதைத் தேடி மினக்கெட வேண்டாம்.

மெசினைத் தயார் செய்வது

திருகோணமலையில் மெசின் வைத்திருப்பவர்கள் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து, லேசர்க் குழாய்க்குப் போகும் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் பெட்டியை 18, 20 பாகையில் வைத்துவிடுகிறார்கள். நம்முடைய காற்றின் ஈரப்பதனில் 25 பாகைக்குக் கிட்டவே பனித்துளி படியத் தொடங்கிவிடும். 30 பாகை வெயிலில் 20 பாகைத் தண்ணீர் ஓடினால் லேசர்க் குழாயின் வெளிப்பக்கம் வியர்த்து, உயர் அழுத்த முனையில் மின்பொறி பாயலாம். அறைக்குக் குளிரூட்டி இல்லையென்றால் 25 பாகையளவில் வைத்து, குழாயைக் கையால் தொடாமல் கண்ணால் பார்த்து, வியர்க்கவில்லை என்று உறுதிசெய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

புகைக்குழாயின் வெளிவாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து அடிக்கும், மாரியில் வாடைக்காற்று கடலிலிருந்து வரும். ஆனி, ஆடியில் அழகாக வேலை செய்த வெளிவாய் மார்கழியில் எல்லாப் புகையையும் திருப்பி அறைக்குள்ளேயே தள்ளும். முழங்கைக் குழாய் ஒன்றைப் போட்டுத் திருப்பக்கூடியமாதிரி வைத்தால் போதும். பக்கத்தில் ஃபைபர் போட்டுக்குப் பெயின்ற் அடிப்பவர்கள் இருந்தால் அந்தத் திசையே வேண்டாம். சிலிக்கோன் ஆவி துளி படிந்தாலும் பெயின்ற் அந்த இடத்தில் பிடிக்காமல் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும், யாரால் வந்தது என்று தெரியாமல் அவர்கள் திரும்பத் திரும்பச் சுரண்டி அடித்துக்கொண்டிருப்பார்கள். அதேபோல் வெட்டுகிற அறையில் சமையல் எரிவாயு அலாரம் இருந்தால் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். அதன் உணரியில் சிலிக்கோன் ஆவி படிந்து சிலிக்காவானால் அலாரம் செத்துவிடும், பச்சை லைட் மட்டும் எரிந்துகொண்டிருக்கும்.

ஷீற்றை மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். கோஸ்டிக் சோடாவோ அமிலக் கிளீனரோ வேண்டாம், அவற்றின் மிச்சம் அந்தப் பிணைப்பு மாற்றத்தைத் தூண்டி, சிலிக்கோன் இன்னும் குறைந்த சூட்டிலேயே சிதைய வழிசெய்யும். கேஸ்கட் ஒருநாள் இஞ்சினில் சூடாகப்போகிற பொருள் என்பதை மறக்க வேண்டாம்.

வெட்டுவதும் தூளைப் பார்ப்பதும்

சின்னத் துண்டில் கட்டம் போட்டுத் தொடங்குங்கள். 40 வாட் மெசின், 1 மில்லிமீற்றர் ஷீற் என்றால் 50 சதவீதப் பவர், செக்கனுக்கு 15 மில்லிமீற்றர் ஸ்பீட்டில் ஒரு கோடு, அதற்குப் பக்கத்தில் ஸ்பீட்டைக் கூட்டியும் குறைத்தும் இன்னும் சில. பதிப்பதற்கு 20 சதவீதப் பவரும் செக்கனுக்கு 250 மில்லிமீற்றரும் போதும். இவை தொடங்குவதற்கான எண்கள் மட்டுமே, குழாய் பழசானால் மாறும், லென்ஸ் மாறினாலும் மாறும். எயார் அசிஸ்ட், அதாவது வெட்டும் இடத்தில் காற்றை ஊதும் வசதி, கட்டாயம். மூடியைத் திறந்து வைத்து வெட்ட வேண்டாம். நீல லேசர் என்றால் அந்த அலைநீளத்துக்கென்று போட்ட கண்ணாடி வேண்டும், வெயில் கண்ணாடி எதற்கும் உதவாது.

இப்போது முதல் கோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மாவுபோல் வெள்ளையாக, ஊதினால் பறக்கிற தூள் என்றால் ஒட்சிசன் போதுமான அளவு போயிருக்கிறது, சூடும் அளவாக இருந்திருக்கிறது. விரலால் தடவினால் கீழே சிலிக்கோன் இன்னும் இறப்பராகவே வளையும். இதுதான் வேண்டும். சாம்பல் கலந்த மண்ணிறம் என்றால் காற்றுப் போதவில்லை. பவரைத் தொட முன்னர் எயார் அசிஸ்ட்டைக் கூட்டிப் பாருங்கள், அநேகமாக அதுவே போதும். கருப்பு, நகத்தால் சுரண்டினால் கிறீச்சிடுகிற ஓடு, வளைத்தால் ஓரத்தில் மயிர்க்கோடாய் வெடிப்பு என்றால் மூன்றாவது வழிக்குப் போய்விட்டீர்கள். அங்கே நிறுத்துங்கள். ஸ்பீட்டைக் கூட்டி, பவரைக் குறைத்து, ஓட்டங்களின் எண்ணிக்கையை அதிகமாக்குங்கள்.

கருப்பின் மேலேயே இன்னொரு ஓட்டம் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். நீல லேசரில் அது பெரிய தொல்லை. சிலிக்கோன் உறிஞ்சாத ஒளியைக் கருப்பு உறிஞ்சும், சூடாகி, தன்னையொட்டியுள்ள சிலிக்கோனையும் கருப்பாக்கும், அது அடுத்ததை. கீறிய கோடு ஒன்று, கிடைத்த பள்ளம் இன்னொன்று என்றாகிவிடும். 2021இல் தென்கொரிய ஆய்வாளர்கள் இதையே வேண்டுமென்று செய்து காட்டினார்கள். பச்சை லேசரால் தெளிவான சிலிக்கோனில் ஒரு கருப்புப் புள்ளியைத் தொடக்கி வைத்து, லேசரை நகர்த்த நகர்த்தச் சிதைவைக் கூடவே இழுத்துக்கொண்டு போய், கருகிய பொருளை நீக்கி நுண்ணிய கால்வாய்கள் எடுத்தார்கள். அவர்களிடம் வேகமும் பவரும் இம்மியளவு பிசகாத கட்டுப்பாட்டில் இருந்தன. கடை மெசினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையில் தூளை எடுக்க வேண்டும், பலர் சோம்பல்படுவது இங்கேதான். சிலிக்கா காபனீரொட்சைட்டு லேசரின் ஒளியைச் சிலிக்கோனைப் போலவே நன்றாக உறிஞ்சும். பள்ளத்தில் தூள் நிறைந்திருந்தால் அடுத்த ஓட்டத்தின் சக்தி முழுக்கத் தூளைச் சூடாக்கவே போய்விடும். அப்படி நடப்பதை மூடிக் கண்ணாடி வழியாகவே காணலாம். சாதாரணமாக மங்கலாகத் தெரிகிற வெட்டுப்புள்ளி திடீரென்று வெல்டிங் பொறிபோல வெள்ளையாக மின்னும். அந்த வெளிச்சம் தெரிந்தால் வெட்டு நடக்கவில்லை, தூள்தான் தணலாகிறது. உடனே நிறுத்தி, ஷீற் ஆறினபிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். உலர்ந்த பிறஷ்ஷால் தட்ட வேண்டாம், வாயால் ஊதவும் வேண்டாம். இந்தத் தூள் கடற்கரை மணலைவிடப் பல மடங்கு நுண்ணியது, அறை முழுக்க மிதக்கும். என்95 மாஸ்க் தூளுக்கு உதவும். போமல்டிகைட்டுக்கும் டி4 ஆவிக்கும் அந்த மாஸ்க் ஒன்றும் செய்யாது, அதற்குப் புகைக்குழாயும் திறந்த ஜன்னலும்தான். டி4, டி5, டி6 மூன்றையும் ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் மிகுந்த கவனத்துக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வெட்டி முடிந்ததும் எக்ஸோஸ்ற்றை உடனே நிறுத்தாமல் சில நிமிடங்கள் ஓடவிட்டு அதன்பின் மூடியைத் திறவுங்கள். இந்த ஆவி தீப்பற்றக்கூடியதும்கூட, ஆகவே மெசினை ஓடவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போக வேண்டாம்.

தூள் வெள்ளையாகவே இருக்கிறது, ஆனால் லென்ஸில் எண்ணெய்ப் படலம் தெரிகிறது என்றால் முதல் வழி மேலோங்கியிருக்கிறது. வளையங்கள் எரியாமல் ஆவியாகி, குளிர்ந்த கண்ணாடியில் படிந்திருக்கின்றன. எயார் அசிஸ்ட் காற்று லென்ஸுக்குக் கீழே சரியாக இறங்குகிறதா, குழாயில் கசிவு உண்டா என்று பாருங்கள். படலத்தோடு ஓட்டினால் லென்ஸிலேயே அது சுடப்பட்டு வெடிப்புக் காணும். துடைக்கும்போது முதலில் கைப்பம்பால் தூளை ஊதித் தள்ளிவிட்டு, பிறகு ஐசோபுறொப்பைல் அற்ககோலும் லென்ஸ் பேப்பரும். தூளோடு தேய்த்தால் கீறல் விழும்.

வெட்டி முடித்த துண்டைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்தை மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தால் வெள்ளை போய்விடும். உணவு படும் சாமான் என்றால் இது போதாது. சிலிக்கோனில் தங்கிய சிறு வளையங்களை விரட்ட, 200 பாகையில் நான்கு மணித்தியாலம் காற்றோட்டமான அவணில் வைப்பதுதான் தொழிற்சாலைகளின் வழக்கம். வீட்டு அவணில் அதைச் செய்யாதீர்கள். குழந்தையின் பால்போத்தல் சூப்பிக்கு லேசர் போட்டுத் தரச் சொல்லி யாராவது வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

கடைசியாக, வெட்டிக் கொடுக்கும் முன் அந்த கொட்பே அண்ணையிடம் கேஸ்கட் எங்கே பூட்டப்போகிறது என்று கேளுங்கள். தண்ணீர் வழிக்கு, தெர்மோஸ்ராற் மூடிக்கு, பற்றறிப் பெட்டியின் மூடிக்கு என்றால் சரி. காபரேற்றர் பக்கம், பெற்றோல், மண்ணெண்ணெய் போகிற பக்கம் என்றால் சிலிக்கோன் வேண்டாம். லேசர் எவ்வளவு சுத்தமாக வெட்டினாலும் எரிபொருள் பட்டால் அது ஊதிப் பெருத்து இடத்தைவிட்டு நழுவிவிடும். அதற்கு நைத்திரைல் ஷீற் வாங்கிவரச் சொல்லுங்கள், அதையும் லேசரில் வைக்காமல் அச்சு வைத்துப் பிளேட்டால் வெட்டிக் கொடுங்கள், சுட்டால் அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு வரும்.